இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும் வீடற்றோர் காப்பகம்: பராமரிப்பு நிதியை மாதந்தோறும் விடுவிக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
நகர்ப்புற வீடற்றோர் காப்பக மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் மற்றும் சுற்றுவட்டாரக் குடியிருப்போர்,
பழைய பேருந்து நிலையம் பின்புறம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: வீடற்றோர் காப்பகம் – பராமரிப்பு நிதி நிலுவை – இரவுக் காப்பாளர் இல்லாமை – பட்ஜெட்டில் தனித் தலைப்பு ஏற்படுத்தி நிதி ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. குறைதீர் நாளில் அளித்த மனு. 2. பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டு மனு. 3. மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனு (ஒப்புகைச் சீட்டு தரப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களில் முதலாவது "தீர்வு காணப்பட்டது" என்று இணையதளத்தில் முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. என்ன தீர்வு என்று அதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் பதிலே வரவில்லை.

காப்பகம் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைநீர் வடிகால் வேலையைப் பார்வையிட வந்தபோது தங்கள் வாகனம் நின்றது அதன் பச்சைக் கேட்டுக்கு முன்னால்தான். "24 மணி நேரமும் இலவசத் தங்குமிடம்" என்று மாநகராட்சி எழுதி வைத்த பலகை இன்னும் அங்கே தொங்குகிறது. அந்தக் கேட்டை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பின்வருவனவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. ஒன்றிய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைப்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க நிரந்தரக் காப்பகம் வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவராக மூன்று காப்பாளர்கள் வேண்டும். இந்த மூன்று பேர் என்ற கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. வாரத்துக்கு 21 ஷிப்ட். ஆளுக்கு ஒரு நாள் வார விடுப்பு போக, மூன்று பேர் பார்க்கக்கூடியது 18 ஷிப்ட். மீதி மூன்று ஷிப்டுக்கு எப்போதுமே ஆள் கிடையாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பகலில் வருவதால், ஆளில்லாத ஷிப்ட் இரவு ஷிப்டாகத்தான் போய் விழும். சம்பளம் ஒழுங்காக வந்த காலத்துக் கதை இது. இப்போது நான்கு மாத நிலுவை. இரவுக் காப்பாளர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். மீதமுள்ள இருவர் காலை ஆறு முதல் இரவு பத்து வரை பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதவும், சண்டை வந்தால் விலக்கவும், யாருக்காவது மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடவும் பொறுப்பான ஆள் இல்லாததால் பூட்டு.

2. 50 பேருக்கான இந்தக் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். மாதம் 50,000. மேலாளர் ஒருவர், காப்பாளர் மூவர், தூய்மைப் பணியாளர் ஒருவர். ஆளுக்கு 10,000 என்று வைத்தாலே பணம் தீர்ந்தது. மின்கட்டணம், குடிநீர், பினாயில், போர்வை துவைக்கும் கூலி, செப்டிக் டேங்க் நிரம்பினால் வரும் லாரி எல்லாவற்றுக்கும் எங்கே போவது? தலைக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வரவில்லை ஐயா. அதையாவது மாதாமாதம் தருகிறார்களா என்றால், இல்லை. ஒன்றிய அரசின் பராமரிப்பு உதவி ஐந்தாண்டுக்கு மட்டும்தான் என்பது கட்டடம் திறந்த அன்றே தெரியும். அதற்குப் பிறகு மாநகராட்சியின் சொந்த நிதியில் தனித் தலைப்பு தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. அதனால் ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகக் குறிப்பு எழுதி, அது சுற்றுக்குப் போய், முன்பு தந்த பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டுத் திரும்பி, ஒப்பளிப்பு (நிதி ஒப்புதல்) வருவதற்குள் ஆடி முடிந்துவிடுகிறது. கடைசியாகச் செலவுப் பட்டியல் திருப்பி அனுப்பப்பட்ட காரணம்: "மின்கட்டண ரசீது அசல் இல்லை." கட்டணம் இணையத்தில் கட்டப்பட்டது, அச்செடுத்த ரசீதுதான் அசல். அந்த மின் இணைப்பு இருப்பதே தங்கள் பதவியின் பெயரில்.

3. பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அல்ல. காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி வருவதே பதினொன்றுக்கு. மூட்டை இறக்கி முடிய இரண்டு மணி ஆகும். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவும் பெண்களுக்குக் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் வேலையே தொடங்கும். அண்டா, தேக்சா எல்லாம் கழுவிக் கவிழ்த்து, கூலியை வாங்கிக்கொண்டு கிளம்ப நள்ளிரவு தாண்டிவிடும். பத்து மணிக்குள் வந்தால்தான் படுக்கை என்றால், கூலியை விட்டுவிட்டு வா என்று பொருள். ஆண்கள் நடைமேடையில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். பெண்கள் படுப்பதில்லை. ஏடிஎம் வாசல் வெளிச்சத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள், ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் விழித்திருக்கும் முறையில். தலைக்கு வைத்த பை திருடு போனால் அதோடு ஆதாரும் போகிறது. நிலையத்துக் கட்டணக் கழிப்பறையும் இரவில் பூட்டு. அதற்குப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மழை வந்தால் மேம்பாலத்தடிக்கு ஓடலாம் என்றால், அழகுபடுத்தும் பணியில் அங்கே கூரான கருங்கல் பதித்தாகிவிட்டது. கல் பதிக்க நிதி இருந்தது ஐயா. காவலுக்கு ஓர் ஆள் போட இல்லை. இவ்வளவுக்கும் இருபதடி தள்ளி, கேட்டுக்கு உள்ளே, கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன.

4. அந்தக் காலிக் கட்டிலையே காரணம் காட்டி "பயனாளிகள் குறைவு" என்று எழுதி நிதியைக் குறைக்கப் பார்க்கிறார்கள். பூட்டினால் எப்படி வருவார்கள்?

5. கணக்கெடுப்பும் அப்படித்தான். காலை பதினொரு மணிக்கு வந்து எண்ணினால் வேலைக்குப் போனவர் யாரும் கணக்கில் வர மாட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரைப் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில்தான் எண்ணினார்கள். நாட்டின் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம் பேர். இங்கேயும் இரவு பதினொன்று முதல் மூன்று வரை, பேருந்து நிலையம், மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல், கோயில் வாசல் நான்கையும் ஒரே இரவில் எண்ண வேண்டும். வேறு வேறு இரவில் எண்ணினால் ஒருவரே இரண்டு முறை வருவார், இன்னொருவர் வரவே மாட்டார்.

6. காப்பகம் நிரந்தர வீடு அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். தினக்கூலி வாங்குகிறவர்களில் பலரால் சின்ன அறைக்கு மாத வாடகை கொடுக்க முடியும். முன்பணம்தான் புரட்ட முடியாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. கேட்கப்படுவதோ பத்து மாதம். முன்பணத்துக்கென்று, கொடுத்துத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் ஒரு சுழல்நிதி வைத்தால் கட்டில்கள் தாமாகவே காலியாகும், அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். அரசுக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கவும் முகவரி வேண்டும். காப்பக முகவரியில் ஆதார் எடுக்கக் காப்பகப் பொறுப்பாளரின் சான்று வேண்டும். சம்பளம் இல்லாமல் அந்த மேலாளரும் போய்விட்டால் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, காப்பகங்கள் ஏன் மெதுவாக வருகின்றன என்று பார்க்க உச்ச நீதிமன்றமே 2016-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு போட்டது. எங்களுக்குக் குழு வேண்டாம், காப்பாளர் போதும்.

7. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, நான்கு மாத நிலுவையை உடனே விடுவிக்கவும். வரும் பட்ஜெட்டில் காப்பகப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு ஏற்படுத்தி ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் பணம் வர வழி செய்யவும். நான்காவது காப்பாளர் பணியிடத்தை ஒப்பளிக்கவும், இரவு ஷிப்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் வரும்வரை பணத்தை நிறுத்திவைக்காமல் காலாண்டு முன்பணம் தந்து பிறகு சரிக்கட்டிக்கொள்ளவும் வேண்டுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் நாளாகும் என்றால், முதலில் இரவுக்கு ஓர் ஆளைப் போடுங்கள். மாநகராட்சியின் வேறு பிரிவிலிருந்து தற்காலிகமாகவாவது அனுப்புங்கள். பூட்டைத் திறந்து வையுங்கள் ஐயா, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
காப்பக மேலாண்மைக் குழுவினர் மற்றும் குடியிருப்போர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், திருப்பி அனுப்பப்பட்ட பட்டியல், மின்கட்டண ரசீது (மறுபடியும்).

குறிப்பு: இந்த மனுவின் மீது கள ஆய்வு செய்வதாக இருந்தால், ஆய்வு அலுவலரைப் பகலில் அனுப்ப வேண்டாம். இரவு ஒரு மணிக்கு ஏடிஎம் பக்கம் வரச் சொல்லுங்கள்.