மூன்றாவது சக்கரத்துக்கும் விசை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி படிக்க ஆரம்பித்ததும் கையில் எடுத்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஓட்டிய சைடுகார் (பக்கவாட்டில் ஒரு சக்கரத்தோடு ஆள் உட்காரும் பெட்டி) மோட்டார் சைக்கிள்களின் கதை. பட்டறை வைத்திருந்தவன் நீ. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

போர் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த வண்டிகளில் முக்கியமானது பி.எம்.டபிள்யூ ஆர்12. 745 சி.சி. எஞ்சின், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. நல்ல சாலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் விசை போவது பின் சக்கரத்துக்கு மட்டும். சைடுகாரில் ஆளும் இயந்திரத் துப்பாக்கியும் தோட்டாப் பெட்டிகளும் ஏறிவிட்டால், சேற்றில் அந்த ஒற்றைச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.

முழு ஆயுதங்களோடு மூன்று பேரைச் சுமந்து மேடு பள்ளத்தில் போக வேண்டும் என்று ராணுவம் கேட்டது. 1941-இல் பி.எம்.டபிள்யூவின் ஆர்75, நியூரம்பெர்க் சுண்டாப் நிறுவனத்தின் கே.எஸ்.750 இரண்டும் களத்துக்கு வந்தன. இவற்றில் சைடுகார் சக்கரத்தையும் எஞ்சினே சுற்றும்! பின் அச்சிலிருந்து குறுக்கே ஒரு ஷாஃப்ட் போகிறது, நடுவில் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு. இரண்டு சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பிரித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் அல்லவா? அதனால் பாரம் கூடுதலாக உள்ள பின் சக்கரத்துக்கு அதிக விசை, சைடுகாருக்குக் குறைவு. சேற்றில் மாட்டினால் டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடலாம், இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். காட்டுப் பாதைக்குத் தனியாகத் தாழ்வான கியர்கள், ரிவர்ஸ் கியர், பின் சக்கரத்திலும் சைடுகார் சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக். மூன்று சக்கரமும் ஒரே அளவு, ஒரே ஸ்டெப்னி போதும். கியர்பெட்டி மேல் இருந்த ஏர் ஃபில்டர் தூசியில் திணறியதால், பின்னால் அதை டேங்க் மேலே தூக்கி வைத்தார்கள். அந்த மூடியைப் படத்தில் பார்த்தால் சிப்பாயின் இரும்புத் தொப்பி மாதிரியே இருக்கும்.

இவ்வளவு செய்தும் 1941 இலையுதிர்காலத்து ரஷ்யச் சேறு இந்த வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. சைடுகாரோடு சேர்த்து 400 கிலோவுக்கு மேல். புதைந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு உறுப்பும் நுணுக்கமான வேலை, செலவும் அதிகம். ஃபோக்ஸ்வாகனின் குபெல்வாகன் கார் நாலு பேரை ஏற்றிக்கொண்டு குறைந்த செலவில் அதே வேலையைச் செய்தது. 1944-க்குள் இந்த வண்டிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எனக்கென்னவோ பொறியாளர்கள் வென்ற இடத்திலேயே வண்டி தோற்றது என்றுதான் படுகிறது.

இதில் இன்னொன்று பார். நிலைத்து நின்றது இதைவிட எளிய, பி.எம்.டபிள்யூவின் பழைய ஆர்71. அதைப் பார்த்து சோவியத்காரர்கள் எம்-72 செய்தார்கள். ஜெர்மன் படை நெருங்கியதும் தொழிற்சாலையை யூரல் மலைப் பக்கம் இர்பிட் ஊருக்கு மாற்றினார்கள். இன்றைய யூரல் வண்டிகள் அந்த வழி வந்தவைதான். போருக்குப் பிறகு சீனாவும் சாங் ஜியாங் என்ற பெயரில் அதையே தயாரித்தது. ஜெர்மானியர் வரைந்த வண்டி அவர்களை எதிர்த்த படைக்கே உழைத்தது!

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தக் காலத்து பி.எம்.டபிள்யூ ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்களையும் வதைமுகாம் கைதிகளையும் வைத்து வேலை வாங்கினார்கள். பளபளவென்று புதுப்பித்த வண்டிகளின் படங்களை ஆசையாகப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்களின் நினைப்பும் கூடவே வருகிறது. வண்டியை ரசிக்கிறேன், அந்த ராணுவத்தை அல்ல.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஆர்75 பின் அச்சின் வரைபடம் ஒன்று கிடைத்திருக்கிறது, எடுத்து வருகிறேன். அந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்று நீதான் எனக்கு விளக்க வேண்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு