முட்டு இல்லாத கூரையின் கீழ் ஆளை இறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய சுரங்க மேலாளர் அவர்களுக்கும் பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாம் ஷிப்டில் தங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை சரிந்தது தாங்கள் அறிந்ததே. அதில் கால் நசுங்கிய ஒப்பந்தத் தொழிலாளி என் தம்பி. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் இப்போது கட்டிலே கதியாகக் கிடக்கிறான். அவனுடைய கவனக்குறைவே காரணம் என்று விசாரணையில் எழுதப்பட்டதாக அறிந்ததால் இம்மடலை எழுதுகிறேன்.

வெடி வைத்துக் கரியை அள்ளியதும் புதிதாகத் திறந்த கூரைக்கு போல்ட், அதாவது பாறைக்குள் துளையிட்டு இறக்கும் நீண்ட இரும்புக் கம்பி, அடித்திருக்க வேண்டும். அந்த போல்ட்டைத் துளைக்குள் பிடித்து இறுக்கும் சிமெண்ட் கேப்சூல் அன்று வந்து சேரவில்லை. தற்காலிக முட்டுகளும் இரண்டே இருந்தன. கம்பியால் தட்டிப் பார்த்த தம்பி, கூரை பொள்ளலாக ஒலிக்கிறது, பாறை அடுக்கு பிரிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். "முதலில் கரியை அள்ளு, போல்ட் பிறகு பார்க்கலாம்" என்பதே அவனுக்குக் கிடைத்த பதில். அந்த ஓசையைக் கேட்டுச் சொன்னவனா கவனம் குறைந்தவன்?

அடுக்கடுக்கான பாறையைச் சேர்த்துத் தைத்து ஒரே உத்தரம்போல நிறுத்துவது போல்ட்டின் வேலை. அடுக்குகள் பிரிந்து தொங்கிய பிறகு அடித்தால் அது முழுப்பயன் தராது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். குலை தள்ளிய வாழைக்குக் காற்று வருமுன் முட்டுக் கொடுப்பவர்கள் நாங்கள்; சாய்ந்தபின் கொடுப்பதில்லை. கூரையைத் தாங்கவும் அதன் அசைவைக் கண்காணிக்கவும் வேலை தொடங்குமுன்பே திட்டம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. முட்டு இல்லாத கூரையின் கீழ் ஆளை இறக்காதீர்கள் என்பதற்குமேல் நான் எதையும் புதிதாகக் கேட்கவில்லை.

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்து வடசேரிப் பழுப்பு நிலக்கரித் தொகுதி மத்திய அரசின் சுரங்க ஏலப் பட்டியலில் வந்த 2023இல், எங்கள் மண்ணில் சுரங்கம் வேண்டாம் என்று தெருவில் நின்றவர்களில் அவனும் ஒருவன். தொகுதி நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஆற்றில் தண்ணீர் இல்லாமல் குறுவை கருகியது. கடன் கழுத்தை நெரிக்க, வேறொரு மாநிலத்தின் கரிக்குழிக்குள் அவனே கூலியாக இறங்கினான். தண்ணீருக்கு யாரிடம் முறையிடுவது என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. அது தங்கள் பொறுப்பன்று, பொறுத்தருளுங்கள்.

கூரையோ தங்கள் பொறுப்பு. விசாரணையை மீண்டும் நடத்தி, அன்றைய கேப்சூல் இருப்புக் கணக்கையும் அதில் சேர்க்குமாறும், முட்டு இல்லாத கூரையின் கீழ் இனி எவரையும் இறக்காதிருக்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தம்பியுடன் வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் இந்த வாரமும் அங்கே இரவு ஷிப்டில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் தொழிலாளி ஒருவனின் அண்ணன்