படத்தை அப்பாவிடம் காட்டிய டாக்டருக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததை ஊரே அறியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார். குலசேகரத்திலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், அம்மாவுக்கு இரவெல்லாம் துணையிருந்த அத்தை, பணம் புரட்டித் தந்த ரப்பர் தோட்டத்து நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. “ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து 8 மணிக்கு என் கடையில்தான் டீ குடித்தார்” என்று அடித்துச் சொன்ன டீக்கடை அண்ணனுக்குக் கூடுதல் நன்றி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட, பாதிப்பு தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கணக்கு. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைத்தான் மருத்துவமனையில் முதலில் கேட்டார்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்களுக்கும் நன்றி. அன்பு போதும், ரத்தம் வேண்டாம்.

மற்றதெல்லாம், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த இளம் டாக்டருக்கு.

அடைப்பை எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ. படம் வந்தது. பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்பதுபோல, அதுவரை எல்லாரும் அப்பாவின் தலைமாட்டில் நின்று அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை அவர் பக்கம் திருப்பினீர்கள். “ஐயா, இது உங்கள் மூளை. இந்த வெள்ளைத் திட்டுதான் செத்துப்போன இடம். வலது கையை அசைக்கும் நரம்புகள் இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. திட்டு ஓரத்தில் உரசியிருக்கிறது, வழியை அறுக்கவில்லை.” மூடிய பேனாவால் அந்த வழியை மேலிருந்து கீழாக இருமுறை காட்டினீர்கள். திட்டின் அளவைவிட, அது விழுந்த இடம்தான் கைக்கு முக்கியம் என்றீர்கள்.

பிறகு, “படம் பாதிதான் சொல்லும். விரலை நீட்டுங்கள், பார்ப்போம்” என்றீர்கள். சுட்டுவிரல் ஒரு நெல்மணி அளவுக்கு நிமிர்ந்தது. முதல் மூன்று நாட்களுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் விரலை நீட்டவும் முடிந்தால் கை திரும்ப வாய்ப்பு அதிகம் என்று விளக்கினீர்கள். உறுதி எதுவும் தரவில்லை. அப்பா அழுதார், எங்கள் யாரிடமும் அவர் அதுவரை அழுததில்லை.

இப்போது தம்ளரைப் பிடிக்கிறார். பேச்சில் “மக்களே” மட்டும்தான் தெளிவு; பிசியோதெரபி பெண்ணுக்கும் அதே அழைப்பு, வீட்டுப் பூனைக்கும் அதே. பால்வெட்டுக் கத்தி மறுபடி கைக்கு வருமா, தெரியாது. இனி எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும் உடனிருப்பவரிடம் விசாரிப்பதற்கு முன் அவரிடமே பேசுவேன்.

டாக்டர், மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறோம். அப்பாவே இடது கையால் மூடியை இறுக்கிவைத்தது. விதிமுறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.