நான்காம் தளத்தில் நின்ற அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பனாமா கால்வாயை நாம் இருவரும் சுற்றுலாக் கப்பலில் சேர்ந்து கடந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. உங்கள் பங்குக்கு நான் கட்டிய கட்டணத்தை, டாலரை ரூபாயாக்கிப் பைசா பிசகாமல், சென்ற மாசியில் என் கணக்குக்கு அனுப்பிவிட்டீர்கள். அதைத் திருப்பி அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று இத்தனை மாதம் எனக்குள் வழக்காடிவிட்டு, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. தபாலில் எழுதினால் அது முதலில் யார் கைக்குப் போகும் என்பதைப் பற்றி இங்கே பேசுவது முறையல்ல. ஊரறிய எழுதினால் யாராவது ஒருவர் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார். காட்டுகிறவரும் படித்திருப்பார் என்பதால், வீட்டுப் பங்கு பற்றியோ பெரியவன் கல்யாணத்தில் நடந்தது பற்றியோ இதில் ஒரு வரியும் வராது. கால்வாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே முன்தளத்தில் இரண்டு நாற்காலிகளைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தேன். நம் ஊர்ப் பேருந்துப் பழக்கம் எந்தக் கடலுக்குப் போனாலும் விடாது போலிருக்கிறது. கால்வாயில் வழிநடத்தும் பைலட் ஏறி, அட்லாண்டிக் பாலத்தின் அடியில் கப்பல் நுழைந்தபோது நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். கப்பலைத் தொட்டி தொட்டியாகத் தண்ணீரால் ஏற்றிவிடும் காத்துன் லாக்கின் கதவுகள் தெரியத் தொடங்கியதும் இரண்டு பேர் சிறு துடுப்புப் படகு ஒன்றில் கயிற்றோடு வந்தார்கள். இவ்வளவு பெரிய இயந்திர ஏற்பாடு ஒரு துடுப்புப் படகில்தான் தொடங்குகிறது என்பதைக் காட்டுவதற்காகத் திரும்பினேன். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

முதல் தொட்டிக்குள் கப்பல் நுழைந்து பின்கதவு மூடும் வரை காத்திருந்துவிட்டு, தளம் தளமாகத் தேடிக்கொண்டு இறங்கினேன். நான்காம் தளத்தில், ஊழியர் மட்டும் நுழையும் கதவுக்குப் பக்கத்தில், மாட்டியிருந்த ஓர் ஓவியத்துக்குக் கீழே சுவரில் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். எதிரே ஒரு வட்ட ஜன்னல். லாக்கின் அகலம் 33.5 மீட்டர்தான் என்பதால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இரண்டடி இடைவெளிகூட இல்லை. அந்த ஜன்னலில் வானமோ காடோ தெரியாமல், நூறாண்டு கடந்த ஈரக் கான்கிரீட் சுவர் மட்டும் பாசிக் கோடுகளோடு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் நாம்தான் ஏறிக்கொண்டிருந்தோம்.

"மேலே வாங்கண்ணே, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று நான் கத்தியதை அங்கே நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. "நீ போய்ப் பாருலே. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றீர்கள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இப்போதும் முழுக்கத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. நியூ ஆர்லியன்ஸில் சோளம் ஏற்றி ஜப்பானுக்குப் போன கப்பல்களில் பதினொரு முறை இதே வழியாகப் போனவர் நீங்கள். மியூல் என்று பெயர் வைத்த ரயில் எஞ்சின்கள் இரு கரையிலும் கப்பலைக் கயிற்றால் பிடித்துக்கொண்டு வருவதையும், மலையை வெட்டிய குலேப்ராவையும் என் அண்ணன் கண்ணால் கண்டவர் என்று எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்தேன்! அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகத் தென்கிழக்கே போகவேண்டும் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை வகுப்பில் சொல்லி நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றதும் உங்களுக்குத் தெரியும். வரைபடத்தைப் பார்த்தால் வாத்தியார்தான் தவறு. ஆனால் நீங்களும் அதை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர் என்பதைக் கப்பல் ஏறிய முதல் நாள் இரவுதான் என்னிடம் சொன்னீர்கள். காத்துனிலிருந்து கடைசி லாக்கான மிராஃப்ளோரஸ் வரை, அடுத்த ஆர்டருக்குக் காத்து ஸ்டாண்ட்பையில் எஞ்சின் அறைக்குள்ளேயே நின்றவருக்குக் கால்வாய் என்பது மேலிருந்து வந்த ஆர்டர்களும் வெக்கையும் மட்டும்தான் என்பதை இத்தனை ஆண்டுகளாக ஏன் மறைத்தீர்கள்? ஒரு சிறுவனின் பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொல்வீர்கள். அந்தச் சிறுவனுக்கு இப்போது அறுபது வயது.

இரண்டாம் தொட்டியில் தண்ணீர் ஏறும்போது நீங்களாகவே பேசத் தொடங்கினீர்கள். இந்தக் கப்பலில் மின்மோட்டார்தான் சுழல்கிறது, அதனால் நம் காலத்துக் கப்பல்களைப் போல ஒவ்வோர் ஆர்டருக்கும் அழுத்தக் காற்றை அடித்து எஞ்சினைக் கிளப்ப வேண்டியதில்லை என்றீர்கள். லாக்குகளுக்கு மேலே இருக்கும் காத்துன் ஏரிக்குள் போனதும் நன்னீரில் கப்பல் கொஞ்சம் அமிழும் என்றீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலை 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் இந்தத் தண்ணீரை ஏற்ற ஒரு பம்புகூட இல்லை, ஏரித் தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது என்று, ஆயுள் முழுவதும் பம்புகளோடு மல்லுக்கட்டிய மனிதர் சொன்னபோது உங்கள் குரலில் இருந்தது பொறாமையா வியப்பா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கப்பல் கடந்து முடிவதற்குள் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது என்பதையும், 2023 வறட்சியில் அதனாலேயே கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள் என்பதையும் நான் சொன்னேன். தூத்துக்குடியில் ஒரு குடத்துக்கு வரிசையில் நின்றவர்கள் நாம், நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் பயணத்தில் நீங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். அதற்குமேல் ஐந்து நிமிடம்கூட அங்கே நிற்காமல், மூன்றாம் கதவு திறப்பதைப் படம் பிடிக்க மேலே ஓடிவிட்டேன். கட்டணம் கட்டியவனுக்குக் காட்சியைத் தவறவிட மனம் வருமா என்று அன்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இரவு உணவு மேசையில் நடந்ததற்கு நியாயம் எதுவும் இல்லை. பகலில் ஒலிபெருக்கியில், பிரெஞ்சுக்காரர்கள் முயன்ற காலத்தில் ஏறக்குறைய 22,000 பேரும், அமெரிக்கர்கள் வெட்டி முடித்த காலத்தில் 5,609 பேரும் இறந்ததாகச் சொன்னார்கள். வெள்ளையருக்குத் தங்கப் பட்டியல், பார்படோஸிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினக் கூலிகளுக்கு வெள்ளிப் பட்டியல் என்று சம்பளத்தையே பிரித்து வைத்திருந்த கதையையும் சொன்னார்கள். அது என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. மேசையிலிருந்த அந்நியர்களிடம், என் அண்ணனும் அப்படித்தான் கீழே வெந்து என்னைப் படிக்கவைத்தார், இந்தப் பயணம் அந்தக் கடனுக்கு என்று ஆங்கிலத்தில் நான் சொல்ல, அவர்கள் கைதட்டினார்கள். நீங்கள் எழுந்து போனீர்கள். அறையில் வைத்து, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கி வேலை பார்த்தவனைச் செத்தவர்களின் கணக்கில் எழுதாதே என்று சொன்னீர்கள். வேறு ஒன்றும் சொன்னீர்கள். அது நம் இருவரோடு இருக்கட்டும்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. உங்களை ஒரு காட்சிப் பொருளாக்கினேன். ஆனால் ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் வாங்கிக்கொண்டே இருப்பது எவ்வளவு கனமானது என்பதை, கொடுத்துக்கொண்டே இருந்த நீங்கள் ஒரு நாளாவது நினைத்ததுண்டா? ஒரே ஒரு முறை நான் கொடுத்தேன். அதையும் மாசி மாதத்தில், ஒரு வரி எழுதாமல், வங்கிக் குறுஞ்செய்தியாகத் திருப்பி அனுப்பினீர்கள். அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மேலே எழுத வேண்டாம்.

அந்தப் பணத்தை வைத்துக்கொள்கிறேன். வேறு யார் பேருக்கும் மாற்றவில்லை, கோவிலுக்கும் எழுதவில்லை. ஹாஸ்டல் கட்டணத்துக்கு நீங்கள் அனுப்பிய மணியார்டரை வாங்கிக்கொண்டதைப் போலவே இதையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு மணி நேரம் நான் எடுத்த வீடியோவை இந்த ஆண்டில் பல முறை போட்டுப் பார்த்துவிட்டேன். மாலையில், பசிபிக் பக்கம் இறங்கும் முதல் லாக்கான பெத்ரோ மிகேலில் கப்பல் ஒன்பதரை மீட்டர் இறங்கி முடித்து, முன்கதவு திறப்பதற்குச் சற்று முன், மியூல்களின் மணியோசைக்கு அடியில் நீளமான ஓர் உறுமல் கேட்கிறது; நான் பிடித்து வைத்திருந்த நாற்காலியின் கால்கூட அதிர்வது படத்தில் தெரிகிறது. அது கப்பலின் ஒலியா, தண்ணீரின் ஒலியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நீங்கள் அப்போதும் நான்காம் தளத்தில்தான் நின்றீர்கள். உங்களுக்கு மாலை ஆறரை மணியானால் ஹூஸ்டனில் எனக்கு விடிந்திருக்கும். அது என்னவென்று கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி