தடைக்காலத்தில் பத்தாம் வகுப்பு

ஐயா,

எட்டாம் வகுப்போடு படகேறியவன் என் தம்பி. 26 வயதில் சமுதாயக் கல்லூரியில் டீசல் எஞ்சின் பயிற்சிக்குப் போனால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனித்தேர்வராக எழுதலாம்தான். சொல்லித்தர ஆள் வேண்டாமா?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு இயற்கணிதம் போடுகிறான். நோட்டு முழுக்க உப்புக்கறை. (எழுத்தறியாத எங்கள் அப்பா அதைத் தினமும் புரட்டிப் பார்க்கிறார்.) மாலையில் கல்லூரி வகுப்பறைகளோ பூட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு மாதம் அங்கேயே பத்தாம் வகுப்புப் பாடம் நடத்தினால் என்ன? தேர்வுக் கட்டணத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம். கணக்கு ஆசிரியர் ஒருவரை அரசு அனுப்பட்டும்.

– ஒரு வாசகி, தங்கச்சிமடம்