ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்னே வாருங்கள்

எங்கள் வட்டாரக் கால்நடை மருத்துவர் அவர்களுக்கும், ஊராட்சி மன்றத்தாருக்கும், எங்கள் தெருவில் ஆடு வைத்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் 22 உருப்படி வெள்ளாடும் ஒரு கறவை மாடும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் கிடைத்த நான்கு ஆட்டில் பெருகியவை இவை. மூத்தவளின் காலேஜ் ஃபீஸை வருஷத்துக்கு இரண்டு கிடா கட்டுகின்றன. அதனால் இந்த மடலை ஆட்டுக்காக எழுதுகிறேன் என்றாலும் சரி, பிள்ளைக்காக என்றாலும் சரி.

நான் கேட்பது ஒன்றுதான். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி முகாமைக் காலை 8 மணிக்குத் தெருவிலேயே வையுங்கள்.

போன முறை முகாம் 11 மணிக்கு நடந்தது. பந்தல், பேனர், நாற்காலி எல்லாம் இருந்தன. ஆடுதான் இல்லை. பனி காய்ந்ததும் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பட்டியைத் திறந்துவிடுகிறோம். 11 மணிக்கு ஊர் ஆடு முழுக்கக் கரட்டு மேல், அந்தச் சின்னக் குன்றில், நிற்கும். முகாமுக்கு வந்தவை நொண்டி ஆடு இரண்டும், குட்டி போட்டு மூன்று நாளான ஆடு ஒன்றும். மருத்துவர் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். பதிவேட்டில் என்ன எழுதினாரோ தெரியாது, "மக்கள் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்தால் அது அநியாயம்.

அப்புறம் நானே கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்டேன். "உங்க 22 ஆட்டுக்காக ஒரு குப்பியை உடைச்சா மிச்சத்தைக் கீழேதான் ஊத்தணும்மா" என்றார்கள். உண்மைதான். அந்த மருந்து பொடியாக வருகிறது. ஒரு குப்பியில் 50 அல்லது 100 ஆட்டுக்கான அளவு இருக்கும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். அப்படிப் பார்த்தால் அந்த மருந்துக்கும் காலை 8 மணிதான் நல்லது, எங்கள் ஆட்டுக்கும் அதுதான் நல்லது. யாருக்காக 11 மணி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் சந்தையில் இரண்டு பெட்டை வாங்கி வந்தேன். ஆசையில் அன்றைக்கே பட்டியில் விட்டேன். மூன்று வாரமாவது தனியே கட்டியிருக்க வேண்டும், அது என் தப்பு. ஐந்தாம் நாள் அதில் ஒன்று அகத்தித் தழையை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. காய்ச்சல் கொதித்தது. மூக்குச்சளி காய்ந்து இரண்டு துவாரத்தையும் அடைத்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு முழுக்கத் தவிட்டைத் தூவியது மாதிரி வெளுத்த புண். பிறகு நாற்றமடிக்கிற கழிச்சல். வைரஸ் நோய் என்பதால் நேரடி மருந்து கிடையாது, கூட வருகிற சளிக்கும் கழிச்சலுக்கும்தான் ஊசி போட முடிந்தது. ஒன்பது குட்டி போயின. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். பால் கட்டிய மடியோடு தாயாடுகள் ராத்திரி முழுக்கக் கத்தின. மாமியார் உட்கார்ந்து அந்தப் பாலைத் தரையில் பீச்சிவிட்டார்கள்.

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில், 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். இதற்கு அண்ணன் முறையான வெக்கை நோய் மாட்டுப் பட்டிகளைக் காலி செய்த கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். தடுப்பூசியால்தான் ஒழிந்தது. ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக அமைப்புகள் நாள் குறித்திருக்கின்றன. ஒரு தடவை ஒழுங்காகப் போட்டால் மூன்று வருஷம் தாங்குகிற ஊசி இது. கரட்டில் நிற்கிற ஆட்டுக்கு மட்டும் எப்படிப் போடுவது?

மாதத்தையும் பாருங்கள். தீபாவளி நெருங்கினால் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தை தொடங்கி எல்லாச் சந்தையிலும் ஆடு குவியும், ஊர் விட்டு ஊர் மாறும். ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆவணியிலேயே போட்டுவிட்டால் நிம்மதி.

ஊராட்சிக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது. ஆடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் என் மாமியார் மாதிரி பட்டன் போன்காரர்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆடு திரும்பும் நேரத்தில் கோயில் மைக்கில் சொல்லுங்கள். எந்தத் தெருவில் எத்தனை உருப்படி என்று முன்கூட்டியே எண்ணிக் கொடுத்தால், எத்தனை குப்பி எடுத்துவருவது என்று மருத்துவருக்கும் தெரியும். எண்ணுகிற வேலையை எங்கள் மகளிர் குழுவிடம் விட்டாலும் சரி. யார் வீட்டில் எந்த ஆடு சினை என்பது வரை எங்களுக்கு அத்துப்படி.

தெருக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்று சினை ஆட்டை ஒளித்து வைக்காதீர்கள். இந்த ஊசி கருவைக் கலைக்காது. நிறைசினை ஆட்டைத் துரத்திப் பிடித்துப் புரட்டினால்தான் ஆபத்து. அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பையப் பிடித்துக் கொடுங்கள்.

முகாமுக்கு வரும்போது ஒரு கொக்கித் தராசும் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும். குடற்புழு மருந்தை நாங்கள் கண் மதிப்பில்தான் ஊற்றுகிறோம். அளவு குறைந்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. எங்கள் ஊரில் 20 கிலோ என்று நினைக்கிற ஆடெல்லாம் தராசில் ஏற்றினால் என்ன காட்டும் என்று பார்க்க எனக்கே ஆசை.

எங்கள் கொட்டகை வாசலில் வேப்பமர நிழல் இருக்கிறது. பக்கத்து வீடுகளின் ஆட்டையும் சேர்த்தால் 90 உருப்படிக்கு மேல் தேறும், ஒரு குப்பி வீணாகாது. குட்டிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருப்போம். காது மடலில் மை தடவிக் கணக்கு வைக்க என் மகள் வருவாள். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்குப் பட்டியைத் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
22 உருப்படிக்காரி