சாவியை ஒப்படைத்ததோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு குமரிக் கடற்கரையில் எழுந்த மறுவாழ்வுக் குடியிருப்புகளில் பல, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தொண்டு நிறுவனங்களால், அவற்றிலும் குறிப்பாகச் சமயம் சார்ந்த அமைப்புகளால் கட்டப்பட்டவை. 300 முதல் 325 சதுர அடி வரை என்ற அன்றைய அளவில் கட்டிய வீட்டில் இன்று பெற்றோர், மணமான மகன், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு குடும்பங்கள் ஒண்டியிருக்கின்றன. உப்புக்காற்றில் கூரையின் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் கழிவுநீர்த் தொட்டி பொங்கி வாசலில் நிற்கிறது. வீட்டுச் சாவியை ஒப்படைத்ததோடு தம் பணி முடிந்தது என்று பல அமைப்புகள் ஒதுங்கிக்கொண்டதும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. பண்டிகைக்கு அரிசிப் பையும் சேலையும் கொடுத்துவிட்டுத் திரும்பும் உதவி பசியாற்றும். அந்தக் குடியிருப்பை மாற்றாது.

இதற்கு மாறான முயற்சி ஒன்றை எங்கள் பகுதியிலுள்ள சுனாமி காலனியில் கண்டுவருகிறேன். கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவான அன்பியத்தைச் சேர்ந்த சில பெண்கள், பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடத்தைத் திறந்து பெருக்கி, ஒரு குழல்விளக்கும் இரண்டு பாய்களுமாக மாலை வகுப்பைத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வரும் சிறுமியர் சிலர் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை என்பது விரைவில் தெரியவந்தது. தாய் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், கூடை நிறைத்துச் சந்தைக்குக் கிளம்பிவிடுவதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுகிறது. வகுப்பு நடத்திய பெண்கள் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. அதே கூடத்தில் அதிகாலை முதல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். குழந்தையை விட வந்த தாய்மார்கள் வாய்திறந்து பேசத் தொடங்கிய பிறகுதான் கந்துவட்டித் தொல்லை, நின்றுபோன விதவை உதவித்தொகை, புதுப்பிக்கப்படாத மீனவர் நல வாரிய அட்டை, கைக்கு வராத பட்டா எல்லாம் வெளிப்பட்டன. இப்போது சனிக்கிழமைதோறும் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் அங்கே அமர்ந்து மனுக்கள் எழுதித் தருகிறார். வரவு செலவு கூடத்துச் சுவரிலுள்ள கரும்பலகையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதப்படுகிறது. ஒவ்வொரு பணியும் முந்தைய பணியில் காதுகொடுத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது. முன்கூட்டித் தீட்டிய திட்டம் எதுவும் இல்லை.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1893-இல் நாகர்கோவிலில் தம் குடியிருப்பின் குளியலறையையே மருந்தகமாக்கினார்; அப்போது அவர் பட்டம் பெற்ற மருத்துவர்கூட அல்லர். அங்கிருந்து வளர்ந்ததுதான் கேதரின் பூத் மருத்துவமனை. அதற்கும் முன்பே, சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக்கினார். அவர் வழிவந்த நிழல்தாங்கல்கள் என்னும் வழிபாட்டு இடங்கள் ஊர் ஊராகப் பெருகின.

ஆனால் 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரத்தை மறவாத மாவட்டம் இது. ஒரு சமயத்தாரின் உதவி மற்றொரு சமயத்தாரின் வீட்டுக்குள் நுழையும்போது ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைப் பேச்சால் போக்க முடியாது. வழிபாட்டுக்கு வருவோருக்குத்தான் உதவி என்ற நிபந்தனை, மறைமுகமாகக்கூட, இருக்கக் கூடாது. நான் குறிப்பிட்ட காலனியில் நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் குடியிருப்போரே. இந்துக்களும் இஸ்லாமியரும் அதில் உள்ளனர். கூடத்தின் சாவியும் குடியிருப்புப் பெண் ஒருவரிடமே இருக்கிறது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெரிய அமைப்புகள் தாங்கள் பெறும் வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க இயலாது. ஆகவே இத்தகைய சிறு முயற்சிகள் உள்ளூர்ப் பணத்தைக் கொண்டுதான் நிற்க வேண்டும். நம் ஊர்களில் பத்து நாள் திருவிழாவுக்கு வாணவேடிக்கை, மின்னலங்காரம், மேடைக் கச்சேரி என்று எவ்வளவு செலவாகிறது என்பதை ஊரார் அறிவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலே, ஒரு குடியிருப்பில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இரு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.

பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களைக் குடியிருப்போர் குழுக்களிடம் ஒப்படைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். வரும் திருவிழாக்களின் கொடியேற்றத்துக்கு முன்பே, தேவாலயங்களின் பங்குப்பேரவைகளும் கோயில் நிர்வாகங்களும் ஜமாஅத்துகளும் இந்நிதி குறித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.